சுப்பாராவ்: கருப்பைப் புற்றுநோயை வென்ற மருந்துக்குப் பின்னால் இருந்தவர்

கர்ப்பத்தைத் தொடர்ந்து கருப்பையில் வரக்கூடிய அரிய புற்றுநோய், கோரியோகார்சினோமா. நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய செல்களே கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் இது. 1950-களின் தொடக்கம்வரை, நுரையீரலுக்குப் பரவிவிட்டால் பெரும்பாலான பெண்கள் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். இன்று இந்த வகை நோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள். இந்த மாற்றத்துக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

கதரால் போன பட்டம்

1895-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடையில் கல்லூரிக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்எம்எஸ் பட்டம்தான் கிடைத்தது. 1920-களில் அமெரிக்கா போய், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆய்வு செய்தார்.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரரைப் பறிகொடுத்தவர் அவர். அந்த நோய்க்கு உதவும் ஃபோலிக் அமிலத்தை அவருடைய குழு 1945-ல் செயற்கையாகத் தயாரித்தது.

போலி வைட்டமின்

செல்கள் பெருக ஃபோலிக் அமிலம் வேண்டும். அதைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அதே குழு உருவாக்கியது. அவற்றில் ஒன்றுதான் மெதோட்ரெக்சேட். வேகமாகப் பெருகும் புற்றுசெல்களை இது முடக்கிப்போடும்.

1956-ல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லி, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் கோரியோகார்சினோமா பரவிய பெண்களுக்கு இதைக் கொடுத்தார்கள். கட்டிகள் மறைந்தன. உடலில் பரவிய திடக்கட்டிப் புற்றுநோயை மருந்தால் மட்டுமே குணமாக்கியது அதுவே முதல்முறை.

கட்டி மறைந்தால் போதாது, ஹெச்சிஜி ஹார்மோன் இயல்புநிலைக்கு வரும்வரை மருந்து தொடர வேண்டும் என்றார் லி. கர்ப்பப் பரிசோதனையில் பார்ப்பதும் இதே ஹார்மோன்தான். அப்போது பலர் ஏற்காத இந்த வழிதான் இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் ஏற்பட்ட பெண்களை, அதை அகற்றிய பிறகும் ஹெச்சிஜி பரிசோதனைக்கு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப வரச் சொல்வது இதனால்தான். சீக்கிரம் கண்டுபிடித்தால், பலருக்குக் கருப்பையை எடுக்காமலே குணமாகும். பிறகு குழந்தையும் பெறலாம்.

இதையெல்லாம் பார்க்க சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் இறந்தார். அமெரிக்கா போனவர் ஊர் திரும்பவே இல்லை.