பணமா, திறமையா? தனக்கு மறுக்கப்பட்ட வாய்ப்பை மற்றவர்களுக்கு மறுத்த ஜாக் ஜான்சன்!

2024 நவம்பரில் 58 வயது மைக் டைசனும் 27 வயது யூடியூபர் ஜேக் பாலும் மோதியதை நெட்ஃப்ளிக்ஸில் பார்த்திருப்பீர்கள். 'இதெல்லாம் ஒரு மேட்ச்சா? காசுக்காகத்தானே!' என்று பலரும் கடுப்பானார்கள். ஆனால், திறமையை ஓரங்கட்டிவிட்டு வசூலைப் பார்த்து எதிராளியைப் பிடிப்பது குத்துச்சண்டைக்குப் புதுசு இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஜாக் ஜான்சனின் கதை போதும்.

யார் இந்த ஜான்சன்?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் உள்ள கால்வெஸ்டனில் 1878-ல் பிறந்தவர். அப்பா முன்னாள் அடிமை. 1903-லேயே கறுப்பின ஹெவிவெயிட் வீரர்களுக்கான தனிப் பட்டம் ஜான்சன் கையில். ஆனால், உலக சாம்பியன் ஜிம் ஜெஃப்ரிஸ், கறுப்பினத்தவரோடு பட்டத்துக்காக மோத மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு யாரோடு மோதுவது என்பதை சாம்பியனே முடிவு செய்யலாம். தட்டிக்கேட்க எந்த அமைப்பும் கிடையாது.

கதவு எப்படித் திறந்தது?

பின்னாளில் சாம்பியன் ஆன டாமி பர்ன்ஸைத் துரத்திக்கொண்டு இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று சுற்றினார் ஜான்சன். கடைசியில் பர்ன்ஸின் மனதை மாற்றியது பணம்தான். 30,000 டாலர் தருவதாக ஒரு புரொமோட்டர் சொன்னதும் ஒப்புக்கொண்டார். ஜான்சனுக்குக் கிடைத்தது வெறும் 5,000 டாலர். 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் நடந்த போட்டியை 14-வது ரவுண்டில் போலீஸே நிறுத்த வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு அடி! ஹெவிவெயிட் உலகப் பட்டம் வென்ற முதல் கறுப்பின வீரரானார் ஜான்சன்.

சாம்பியன் ஆனதும் என்ன செய்தார்?

ட்விஸ்ட் இங்கேதான். அப்போது அவருக்குச் சரியான போட்டி தரக்கூடியவர்கள் சாம் லாங்ஃபோர்ட், ஜோ ஜெனட், சாம் மெக்வீ. மூவருமே கறுப்பினத்தவர்கள். பட்டம் வெல்வதற்கு முன் மூவரோடும் மோதியிருந்த ஜான்சன், சாம்பியன் ஆனபின் ஒருவருக்குக்கூட பட்ட வாய்ப்பு தரவில்லை. மாறாக, 1909-ல் தன்னைவிட எடை குறைந்த மிடில்வெயிட் சாம்பியன் ஸ்டான்லி கெட்செலோடு மோதினார்.

காரணம் சிம்பிள். இரண்டு கறுப்பின வீரர்கள் மோதினால் டிக்கெட் விற்காது. வெள்ளையர் ஒருவர் ஜான்சனை வீழ்த்துவதைப் பார்க்கத்தான் கூட்டம் காசு கொடுத்தது. அதை நன்றாகவே கல்லா கட்டினார் அவர். 1910 ஜூலை 4 அன்று, கிட்டத்தட்ட 6 ஆண்டுகளாக ரிங் ஏறாத ஜெஃப்ரிஸை ரீனோ நகருக்கு அழைத்து வந்தார்கள். பரிசுத்தொகை 1,01,000 டாலர், திரைப்பட வருமானம் தனி. 15-வது ரவுண்டில் ஜான்சன் வென்றார். அதைப் பொறுக்காமல் பல நகரங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின.

அப்போ அவர் வில்லனா?

அப்படிச் சுருக்கிவிட முடியாது. நிறவெறி அவரையும் விடவில்லை. 1913-ல் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, வெள்ளைக்காரப் பெண்ணோடு பழகியதை வைத்துப் போடப்பட்ட வழக்கில் அவரைக் குற்றவாளி என்றது. நாட்டைவிட்டுத் தப்பிய அவர், 1915-ல் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் பட்டத்தை இழந்தார். 1946-ல் கார் விபத்தில் இறந்தார். அந்தத் தண்டனைக்கு அதிபரின் மன்னிப்பு வந்தது 2018-ல்தான்.

ஆனாலும், சந்தை வகுத்த அநியாய விதியை அவரும் பயன்படுத்திக்கொண்டார் என்பது உண்மை. அவருக்குப் பின் இன்னொரு கறுப்பின வீரர், ஜோ லூயிஸ், ஹெவிவெயிட் பட்டம் வெல்ல 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது மாறிவிட்டதா?

பாதி மாறியிருக்கிறது. இன்றைய அமைப்புகள், குறிப்பிட்ட காலத்துக்குள் இவரோடு மோதியே ஆக வேண்டும் என்று சாம்பியனுக்கு உத்தரவிடலாம். ஆனால், பெல்ட்டையே தூக்கிப் போட்டுவிட்டு அதிக காசு வரும் போட்டிக்குப் போவதை யாராலும் தடுக்க முடியாது.

இதில் தோற்பது யார்? லாங்ஃபோர்டைப் பாருங்கள். 1944-ல் நியூயார்க்கின் ஹார்லெமில், பார்வை இழந்து வறுமையில் கிடந்த அவரை ஒரு பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார். எல்லாக் காலத்துக்குமான சிறந்த வீரர்களில் ஒருவர் என்று இன்றும் பேசப்படும் அவர், உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஒருமுறைகூட ரிங் ஏறியதில்லை.