ஜகதீஷ் சந்திர போஸும் எங்க வீட்டு ரவுட்டரும்



போன மாசம் எங்க வீட்டுக்கு ரவுட்டர் வந்தது. மாட்ட வந்தவர் அதை ஹாலில் இருக்கிற இரும்பு பீரோ மேல வெச்சிட்டு, 1-லிருந்து 8 வரைக்கும் எண்களையே பாஸ்வேர்டா போட்டுட்டுக் கிளம்பிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு அக்காவுக்கு ஆன்லைனில் வேலை இன்டர்வியூ. உள் ரூமில் உட்கார்ந்து பேசும்போதே லைன் விட்டு விட்டுப் போச்சு. அந்த வேலை கிடைக்கல. அக்கா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை.

என்ன காரணம்னு எங்க அறிவியல் மிஸ்ஸிடம் கேட்டேன். முதலில் ஜகதீஷ் சந்திர போஸைப் பற்றிப் படிச்சிட்டு வான்னு சொன்னாங்க. செடிகளை ஆராய்ந்தவர் என்று மட்டும்தான் எனக்கு அவரைத் தெரியும். படித்ததும் ஆச்சரியப்பட்டேன்.

போஸ் 1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. ஆனாலும் மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். மீனவர் மகனும் பியூன் மகனும் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். பிறகு கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் ஆனார். அங்கே வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்குக் குறைந்த சம்பளம். போஸ் அந்தச் சம்பளத்தைத் தொடாமலே மூன்று வருஷம் பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது.

கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு சின்ன ரூமில், தகர வேலை செய்பவரை வைத்துத் தானே கருவிகள் செய்தார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பி இல்லாமல் அலையை அனுப்பினார். அது சுவர்களைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது!

அவர் 5 மில்லிமீட்டர் நீள அலைகளைக் கூட உண்டாக்கினார். அதாவது 60 கிகாஹெர்ட்ஸ். எங்க ரவுட்டர் அனுப்புவதும் அதே குடும்பத்து அலைதான். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலை நீளம் சுமார் 12 செ.மீ., 5 கிகாஹெர்ட்ஸில் 6 செ.மீ. இரும்பில் பட்டால் அலை திரும்பிவிடும். பீரோ மேல வெச்சது எவ்ளோ தப்புன்னு அப்போதான் புரிஞ்சது. வீட்டின் நடுவில் மர ஸ்டாண்டில் மாற்றினேன். உள் ரூமிலும் சிக்னல் வந்தது.

அடுத்து, ரவுட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருந்த 192.168.1.1 என்ற எண்ணை பிரவுசரில் அடித்தேன். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். உள்ளே போனால் பகீர்னு ஆச்சு! எங்க வீட்டில் போன் நாலு. லிஸ்டில் இருந்ததோ ஒன்பது! உடனே அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டையும் மாற்றினேன், வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன். இரண்டும் வேறு வேறு என்பதை மறக்காதீங்க.

போஸ் தன் கண்டுபிடிப்பால் பணம் சேர்க்க நினைக்கவில்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால்தான் ஒரு அமெரிக்கக் காப்புரிமை எடுத்தார், 1904-ல் கிடைத்தது. அதையும் காலாவதியாக விட்டுவிட்டார். 1917-ல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் காலமானார்.

அப்படின்னா நான் மட்டும் பூட்டுவது சுயநலமா? யோசித்தேன். போஸ் தெரிந்தே திறந்து வைத்தார். நாங்க தெரியாமல் திறந்து போட்டிருந்தோம். அதுதான் வித்தியாசம். மாடி வீட்டுத் தம்பி பரீட்சைக்குப் படிக்கணும்னு வந்து கேட்டான். கெஸ்ட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு. அதற்குத் தனி பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன்.

நண்பர்களே, இன்னிக்கே உங்க ரவுட்டரைப் பாருங்க. அடுத்த வாரம் அக்காவுக்கு இன்னொரு இன்டர்வியூ. அவளுக்காக வேண்டிக்கோங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, ஊரப்பாக்கம்