யில்மாஸ் குனே: சிறையில் எழுதித் திரையில் பேசியவர்

துருக்கி நாட்டுத் திரைப்படத்தை உலகம் பொருட்படுத்திப் பார்க்கும்படி செய்தவர்களுள் யில்மாஸ் குனே முதன்மையானவர். அவர் வாழ்ந்தது 47 ஆண்டுகளே. அவற்றுள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையில் கழிந்தன. அவருடைய புகழுக்கு அடிப்படையாக அமைந்த 'மந்தை', 'பகைவன்', 'வழி' ஆகிய மூன்று படங்களின் படப்பிடிப்பு நடந்தபோது அவர் அங்கே இல்லை. அவர் எழுதினார், எழுதியதை வேறு இருவர் வெளியுலகில் நின்று படமாக்கினர். ஆயினும் அவை குனேயின் படங்கள் என்றே வழங்குகின்றன. காட்சிக் கலையில் எழுத்து இத்துணை ஆட்சி செலுத்தியது எவ்வாறு என்பதை எழுதுவோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

அவர் 1937ஆம் ஆண்டு தென் துருக்கியில் அதானா நகருக்கு அருகிலுள்ள யெனிஜே என்னும் சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் யில்மாஸ் புத்துன். பெற்றோர் இருவரும் குர்து இனத்தவர். தந்தை சிவெரெக் பகுதியையும் தாய் வார்த்தோ பகுதியையும் சேர்ந்தவர்கள். கிழக்கு மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடிப் பருத்தி விளையும் சுகுரோவா சமவெளிக்கு இறங்கி வந்த கூலிக் குடும்பம் அது. அச்சமவெளி துருக்கிய இலக்கியத்துக்குத் தந்த கொடை பெரிது. நாவலாசிரியர்கள் யாஷார் கெமாலும் ஓர்ஹான் கெமாலும் அம்மண்ணின் மைந்தர்களே. பருத்திக் காட்டின் வெயிலையும் நிலக்கிழாரின் கணக்கேட்டையும் கூலியின் கடனையும் அவர்கள் எழுத்தில் வடித்தனர். குனே அவற்றைப் பின்னர்த் திரைக்குக் கொண்டுவந்தார். பள்ளிப் பருவத்தில் அவர் செய்த கூலி வேலைகளுள் ஒன்று, படப்பெட்டிகளை ஊர் ஊராகக் கொண்டுசெல்வது. திரைப்படத்தை அவர் முதலில் அறிந்தது தோளில் கனக்கும் சுமையாகத்தான்.

அங்காராவில் சட்டமும் இஸ்தான்புல்லில் பொருளியலும் பயிலச் சென்றார். மனம் கதை எழுதுவதிலேயே நின்றது. 1956இல் வெளிவந்த சிறுகதையொன்று பொதுவுடைமைப் பிரசாரம் என்று குற்றம் சாட்டப்பட்டது. வழக்கு சில ஆண்டுகள் நீடித்தது. இடையில் 1959இல் இயக்குநர் ஆத்திஃப் யில்மாஸின் படங்களில் எழுத்தாளராகவும் நடிகராகவும் திரையுலகில் நுழைந்துவிட்டார். குனே என்ற பெயரை ஏற்றதும் அக்காலத்தில்தான். துருக்கிய மொழியில் அதற்குத் 'தெற்கு' என்பது பொருள். தாம் பிறந்த திசையையே பெயராக்கிக்கொண்டார் எனலாம். 1961இல் தண்டனை உறுதியாகி ஒன்றரை ஆண்டு சிறையும் அதன்பின் ஊர்விலக்கும் நேர்ந்தன. அச்சிறையில் ஒரு நாவல் எழுதினார். 'தலை கவிழ்ந்து மாண்டனர்' என்னும் பொருளுடைய பெயரால் 1971இல் அது வெளிவந்தது. 1972இல் ஓர்ஹான் கெமால் நாவல் பரிசைப் பெற்றது. ஒரு கதைக்காகச் சிறை சென்றவர் சிறைக்குள்ளிருந்து ஒரு நாவலோடு வெளியே வந்தார். அடுத்த இருபது ஆண்டுகளின் போக்கு இதிலேயே தெரிந்துவிடுகிறது.

விடுதலைக்குப் பின் அவர் சென்று சேர்ந்த இடம் யெஷில்சாம். 'பச்சைப் பைன்மரம்' என்று பொருள்படும் இது இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியிலுள்ள ஒரு தெருவின் பெயர். படநிறுவனங்கள் அங்கே நெருங்கி அமைந்திருந்தமையால் துருக்கிய வணிகத் திரையுலகம் முழுமைக்குமே அது பெயராகிவிட்டது. அத்திரையின் நாயகர்கள் செம்மையான முகமும் நகர்ப்புற நடையும் உடையவர்கள். ஒடுங்கிய கன்னமும் கருத்த தோலும் உள்ளொடுங்கிய கோபமும் கொண்ட குனே அவர்களிடையே தனித்துத் தெரிந்தார். மக்கள் அவருக்கு 'அழகற்ற அரசன்' என்று பட்டம் சூட்டினர். ஆனதோலியாவின் சிற்றூர்களில் கொட்டகைத் தரையில் அமர்ந்திருந்தவர்கள் திரையில் முதன்முறையாகத் தம் முகத்தைக் கண்டனர். 1965ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 20 படங்களில் நடித்தார். பெரும்பாலானவை துப்பாக்கியும் பழிவாங்கலுமாக அமைந்தவை. அவற்றைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் அத்துப்பாக்கி திரையோடு நிற்கவில்லை என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அக்காலத்தில் ஒரு படம் விலக்காக நிற்கிறது. 1966இல் லுத்ஃபி ஆகாத் இயக்கிய 'எல்லைச் சட்டம்' என்னும் படத்தின் கதை குனேயுடையது, நாயகனும் அவரே. சிரிய எல்லையில் கண்ணிவெடி புதைத்த நிலத்தைக் கடந்து சரக்குக் கடத்தி வாழும் வறியவர்களின் கதை. உழுவதற்கு நிலமும் படிப்பதற்குப் பள்ளியும் இருந்திருந்தால் இவர்கள் கடத்தல்காரர்களாகியிருக்க மாட்டார்கள் என்பதை அப்படம் கூச்சலின்றிக் காட்டியது. ஆகாத்திடம் அவர் கற்றது அந்த அடக்கத்தையே.

1970இல் வந்த 'நம்பிக்கை' துருக்கியத் திரையை இரண்டாகப் பகுத்தது. அதானா நகரில் குதிரைவண்டி ஓட்டும் ஜப்பார் அதன் நாயகன். குனேயே எழுதி, இயக்கி, நடித்தார். வாடகை மோட்டார் வண்டிகள் பெருகிவிட்ட ஊரில் குதிரைவண்டிக்கு இடமில்லை. வீட்டில் பிள்ளைகள் பலர். கடன்காரர் அதனினும் பலர். ஜப்பார் தவறாது பரிசுச் சீட்டு வாங்குகிறான். நிறுத்தியிருந்த வண்டியின்மீது மோட்டார் வண்டி மோதிக் குதிரைகளுள் ஒன்று இறக்கிறது. காவல் நிலையத்தில் பழி ஏழையின்மேலேயே விழுகிறது. இறுதியில் நண்பன் ஒருவன் பேச்சைக் கேட்டு, மந்திரம் ஓதும் ஹோஜா ஒருவரையும் கூட்டிக்கொண்டு, ஆற்றங்கரையில் பட்டமரத்தின் அடியில் புதையல் தோண்டச் செல்கிறான். நாள்கள் கழிகின்றன. குழிதான் பெரிதாகிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு அக்குழியைச் சுற்றிச் சுற்றி ஜப்பார் சுழல்கையில் படம் முடிகிறது.

இத்தாலியின் 'சைக்கிள் திருடர்கள்' படத்தோடு இதனை ஒப்பிடுவது திறனாய்வாளர் வழக்கம். ஒப்புமை உண்டு, ஆனால் வேற்றுமையே ஆழமானது. இத்தாலியத் தந்தை தெருவில் தேடுகிறான். ஜப்பார் மண்ணுக்கடியில் தேடுகிறான். சமயத்தையும் மந்திரத்தையும் நகையாடுவதற்காக எடுத்த படம் அன்று இது. எல்லாக் கதவும் அடைபட்டபின் மனிதன் மறைபொருளை நோக்கித் திரும்புகிற கணத்தை அது ஆய்கிறது. ஜப்பாரின் மடமையைக் கண்டு சிரிக்க இயலாதபடி, அதற்கு முன்னர் அவனை நெடுநேரம் உடனிருந்து காட்டிவிடுகிறார் குனே. அதானா விழாவில் பரிசு பெற்ற அப்படத்தைத் தணிக்கைக் குழு தடை செய்தது. படச்சுருள் நாட்டைவிட்டு மறைவாகக் கடத்தப்பட்டு 1971இல் பிரான்சின் கான் நகரில் திரையிடப்பட்டது.

அதே ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள் இராணுவம் அறிக்கை விடுத்து அரசை விலகச் செய்தது. தேடப்பட்ட புரட்சிகர மாணவர்களுக்குத் தங்க இடமளித்தார் என்று 1972இல் குனே சிறைப்பட்டார். 1974இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தார். அவ்வாண்டே 'நண்பன்' என்னும் படத்தை முடித்து, பருத்தி பறிக்கும் கூலிகளைப் பற்றிய 'கவலை' என்ற படத்தைத் தொடங்கச் சொந்த மண்ணுக்குச் சென்றார்.

இனி வருவது அவர் வாழ்க்கையில் எவராலும் அழிக்க முடியாத பக்கம். 1974 செப்டம்பரில், அதானாவை அடுத்த யுமுர்த்தாலிக் என்னும் கடற்கரை ஊரின் உணவு விடுதியில் ஒரு பூசல் எழுந்தது. நீதிபதி சேஃபா முத்லு சுடப்பட்டு இறந்தார். குனேயின் உறவினர் ஒருவர் தாமே சுட்டதாக முன்வந்தபோதும் நீதிமன்றம் குனேயையே குற்றவாளி என்று கண்டு 19 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவரைப் போற்றும் நூல்கள் பல இந்நிகழ்ச்சியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இறந்தவரின் பெயரைக்கூடச் சில கூறுவதில்லை. கொள்கைக்காகச் சென்ற சிறைகளோடு இச்சிறையையும் ஒரே தட்டில் வைத்தல் நேர்மையாகாது. முன்னவை அரசு அவருக்கு இழைத்த அநீதி. இதில் ஓர் உயிர் போயிற்று. அது அரசியலுக்காகப் போகவில்லை. பின்னர் அவர் படைத்தவற்றின் உயர்வு அவ்வுயிருக்கு ஈடாகாது. அவ்வுயிரின் இழப்பாலும் அப்படைப்புகள் சிறுமையடைவதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துத்தான் இம்மனிதரை அறிய இயலும்.

'கவலை'யை ஷெரீஃப் கோரென் முடித்துக் கொடுத்தார். அதிலிருந்தே புதிய முறை பிறந்தது. சிறையறையில் குனே திரைக்கதை எழுதினார். பாத்திரத்தின் முகம், நிற்கும் இடம், பார்க்கும் திசை, ஒளியின் அளவு என அனைத்தையும் சொல்லால் வரைந்தார். இயக்குநர்கள் சிறைக்கு வந்து கேட்டறிந்து சென்றனர். கதையாசிரியராகத் தொடங்கியவரைச் சிறை மீண்டும் கதையாசிரியர் ஆக்கியது.

1978இல் ஸெக்கி ஓக்தென் இயக்கிய 'மந்தை' இம்முறையின் முதல் பெருங்கனி. கிழக்கு மலைநாட்டு மேய்ச்சல் குடி ஒன்று தன் ஆடுகளை விற்பதற்காக இரயிலில் அங்காராவுக்குக் கொண்டுசெல்கிறது. குடும்பத் தலைவன் ஹாமோ. அவன் மகன் ஷிவான். ஷிவானின் மனைவி பெரிவான் பகைக்குடியில் பிறந்தவள். பிறந்த குழந்தைகள் தங்காமையால் பேச்சையே துறந்துவிட்டவள். மருமகளைச் சாபமென்று வெறுக்கும் தந்தைக்கும், அவளை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்று தவிக்கும் கணவனுக்கும் இடையே அந்த இரயில் ஓடுகிறது. நஞ்சு தெளித்த பெட்டிகளில் ஆடுகள் மடிகின்றன; கையூட்டும் களவும் எஞ்சியவற்றைக் குறைக்கின்றன. தலைநகர் சேருமுன் அழிவது மந்தை மட்டுமன்று, ஒரு வாழ்க்கைமுறையும்தான். பெரிவான் ஒரு சொல்லும் பேசாமலே இறக்கிறாள். குர்து மொழியில் படமெடுக்க இடமில்லாத காலம் அது. பாத்திரங்கள் துருக்கியமே பேசுகின்றனர். அப்பெண்ணின் ஊமைத்தன்மையில் ஓர் இனத்தின் மொழியிழப்பைக் கண்டவர் பலர். மிகையான பொருள்கோள் என்று அதனைத் தள்ளிவிட இயலவில்லை. 1979இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் 'மந்தை' தங்கச் சிறுத்தை விருதைப் பெற்றது. அவ்வாண்டு வந்த 'பகைவன்' படத்தையும் ஓக்தெனே இயக்கினார். வேலையற்ற ஒருவன் தெருநாய்களுக்கு நஞ்சிடும் வேலைக்குச் செல்ல நேர்வதை அது காட்டியது.

1980 செப்டம்பர் 12ஆம் நாள் படைத்தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். குனேயின் படச்சுருள்கள் பறிமுதலாயின; பல அழிக்கப்பட்டன. 'எல்லைச் சட்டம்' படத்துக்கு ஒரே ஒரு படிதான் எஞ்சியது. அதிலிருந்துதான் 2011இல் அப்படம் செப்பனிட்டு மீட்கப்பட்டது. எழுத்துகளுக்காக அவர்மேல் புதிய வழக்குகளும் பெருகின. அந்நெருக்கடியில் எழுதியதே 'வழி'. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வீடு திரும்பும் ஐவரின் கதை. சிறைக்கு வெளியே வந்தும் அவர்கள் விடுதலை பெறுவதில்லை. ஒருவன் அனுமதிச் சீட்டைத் தொலைத்து வழியிலேயே மீண்டும் பிடிபடுகிறான். எல்லையோரக் குர்து இளைஞன், இறந்த அண்ணனின் உடலைப் படைவீரர் காட்டும்போது அடையாளம் சொல்லவும் முடியாமல் நிற்கிறான். மரபு அண்ணியை மணக்கச் சொல்கிறது. காதலித்த பெண்ணைப் பிரிய வேண்டியதாகிறது.

அனைத்திலும் கொடியது செய்யித் அலியின் கதை. ஒழுக்கம் தவறினாள் என்று அவன் மனைவி ஸீனேயை அவள் பிறந்தகத்தார் எட்டு மாதங்களாகத் தொழுவத்தில் சங்கிலியிட்டு வைத்துள்ளனர். கணவன் வந்து கொல்ல வேண்டும் என்பது குல வழக்கு. கையால் கொல்ல மனமின்றி, மெலிந்த அவளையும் சிறு மகனையும் அழைத்துக்கொண்டு பனி மூடிய மலையைக் கடக்கிறான். அவள் தளர்ந்து விழும்போது அவன் மனம் மாறுகிறது. உறைந்து போகாதிருக்க அவளை வாரால் அடிக்கிறான். முதுகில் சுமந்து ஓடுகிறான். காலம் கடந்துவிட்டது. பாலை என்றால் வெயிலையே எண்ணும் தமிழ் மனத்துக்கு இங்கே அத்திணை பனியாகத் திரிந்து கிடப்பது தெரியும். கொல்ல வந்தவனே காக்கத் துடிக்கும் அந்தச் சில மணித்துளிகளில் குற்றவாளி யார் என்ற கேள்வி செய்யித் அலியைத் தாண்டி ஊரையும் குலத்தையும் சட்டத்தையும் நோக்கித் திரும்பிவிடுகிறது.

இப்படத்தை முதலில் எர்தென் கிரால் என்பவர் இயக்கத் தொடங்கினார். குனே அதனை நிறுத்தி ஷெரீஃப் கோரெனிடம் ஒப்படைத்தார். அந்தப் புண் ஆறாமலே இருந்திருக்க வேண்டும். 2005இல் கிரால் அந்நிகழ்ச்சியையே ஒரு படமாக எடுத்தார். கோரெனுக்கும் உரிய பங்கு நெடுங்காலம் பேசப்படவில்லை. பனி என்று தாளில் எழுதுவது எளிது. இராணுவ ஆட்சியின் கண்காணிப்பில், மலையில் நின்று, அப்பனியைப் படச்சுருளில் ஏற்றியவர் அவர். எழுத்தின் வலிமையைச் சொல்லும்போது இந்த உழைப்பை மறைத்துச் சொல்லுதல் கூடாது.

1981 அக்டோபரில் சிறை விடுப்பில் வெளிவந்த குனே திரும்பவில்லை. தம் கதைமாந்தர் செய்யாததைத் தாம் செய்தார். நாட்டை நீங்கி ஐரோப்பா சேர்ந்து, அங்கு வந்தடைந்த படச்சுருள்களைச் சுவிட்சர்லாந்தில் அமர்ந்து தொகுத்தார். 1982இல் கான் விழாவின் தங்கப் பனை விருதை 'வழி'யும் கோஸ்தா காவ்ராஸின் 'காணாமற்போனவர்' படமும் பகிர்ந்துகொண்டன. தேடப்படும் கைதியாக குனே மேடையேறினார். கோரென் அவ்விழாவில் இல்லை.

துருக்கி அரசு 1983இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. அவ்வாண்டு பாரிசில் குர்து ஆய்வு நிறுவனம் உருவானபோது தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். அதே ஆண்டில், அங்காராச் சிறையின் சிறுவர் பகுதியில் 1976இல் நடந்த கலகத்தை வைத்துச் 'சுவர்' என்னும் படத்தைப் பிரான்சில் இயக்கினார். நெடுநாள் கழித்து அவர் தாமே படக்கருவியின் அருகில் நின்ற படம் அது. எனினும் 'மந்தை'யின் ஆழம் அதில் இல்லை. சுகுரோவாவின் புழுதியும் மலைநாட்டின் ஒளியும் பிரான்சில் கிடைக்கவில்லை. சிறையிலிருந்தபோது சொல்லால் எட்ட முடிந்த மண்ணை, விடுதலை பெற்றபின் அவரால் எட்ட முடியாமற் போனது.

1984 செப்டம்பர் 9ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் பாரிசில் இறந்தார். பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 'வழி' துருக்கியில் திரையிடப்படுவதற்கு மேலும் 15 ஆண்டுகள் சென்றன. 1999இல் அதைக் காணத் திரையரங்குகளுக்கு வந்தவர்களுள், படம் எடுக்கப்பட்டபோது பிறந்தேயிராத இளைஞரும் இருந்தனர்.