பாதிச் சம்பளத்துக்கு வேலை மாறிய கணக்கு அதிகாரி

சர் சி.வி.ராமனை விஞ்ஞானியாக எல்லோருக்கும் தெரியும். 1930-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். ஆனால், அவர் 10 ஆண்டுகள் இந்திய சர்க்காரின் கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பிழைப்புக்காக வெளிமாநிலம் போய், நேரத்துக்கு ஆபீஸ் ஓடி, மாற்றல் உத்தரவு வந்தபோதெல்லாம் பெட்டி படுக்கையைக் கட்டிய தமிழர்களில் அவரும் ஒருவர்.

ராமன் 1888-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி திருச்சியில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர அய்யர். தாயார் பார்வதி அம்மாள். தகப்பனாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால் குடும்பம் அங்கே போனது. ஆகவே, ராமன் சிறு வயதிலேயே வெளியூரில் வளர்ந்த பிள்ளைதான்.

படிப்பில் சூரப்புலி. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-ல் பி.ஏ.யில் முதல் இடம் பெற்றார். 1906-ல், மாணவராக இருக்கும்போதே, ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. 1907-ல் எம்.ஏ. முடித்தார்.

மேல் படிப்புக்கு சீமைக்குப் போகலாம் என்றார்கள் ஆசிரியர்கள். ஆனால் அவரைப் பரிசோதித்த வெள்ளைக்கார டாக்டர், அந்தக் குளிரை இந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் இந்தியாவில் விஞ்ஞான ஆராய்ச்சிக்குச் சம்பளம் கொடுக்கும் இடமும் அநேகமாகக் கிடையாது. மூத்த சகோதரர் ஏற்கனவே நிதி இலாகாவில் இருந்தார். ராமனும் அந்தப் பரீட்சையை எழுதினார். பௌதிகம் படித்தவர், அதற்காக சரித்திரமும் பொருளாதாரமும் உட்கார்ந்து படித்தார். தேறியவர்களில் அவர்தான் முதல்!

அதே ஆண்டு மே மாதம் லோகசுந்தரி அம்மாளுடன் திருமணம். ஜூன் மாதம் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் வேலை. அப்போது ராமனுக்கு வயது 18 தான். நல்ல சம்பளம், பென்ஷன், மரியாதை எல்லாம் உள்ள உத்தியோகம். வேறொருவராக இருந்தால் இதோடு கதை முடிந்திருக்கும்.

டிராமில் கண்ட பலகை

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, பவ்பஜார் தெருவில் 210-ம் எண் கட்டிடத்தில் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்தார். இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்று எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-ல் தொடங்கிய கழகம் அது. டாக்டர் காலமான பிறகு அங்கு ஆராய்ச்சி செய்ய ஆள் இல்லை. கருவிகள் சும்மா கிடந்தன.

ராமன் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் டே என்ற ஊழியர். ஆஷு பாபு என்பார்கள். கழகத்தின் செயலாளர் அமிர்தலால் சர்க்கார், இப்படி ஒருவர் வரமாட்டாரா என்று காத்திருந்தவர்போல வரவேற்றார். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரங்களில் வந்து ஆராய்ச்சி செய்ய அனுமதி கிடைத்தது. சம்பளம் கிடையாது.

அன்று முதல் ராமனின் நாள் இப்படித்தான் நடந்தது. காலை 5½ மணிக்குக் கழகம். 9¾ மணிக்கு வீடு. அவசரமாகக் குளித்து, நாலு வாய் சாப்பிட்டு, தாமதம் ஆகக்கூடாது என்று வாடகை வண்டி பிடித்து ஆபீஸ். மாலை 5 மணிக்கு ஆபீசில் இருந்து நேராகக் கழகம். வீடு திரும்ப இரவு 9½ அல்லது 10 மணி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகத்திலேயே!

இளம் வயதில் மொழி தெரியாத ஊருக்கு வந்த லோகசுந்தரி அம்மாளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. குடும்பப் பாரம் முழுவதையும் அவர்தான் சுமந்தார்.

ஆபீஸ் வேலையில் ராமன் குறை வைத்தாரா என்றால், இல்லை. கெட்டிக்கார அதிகாரி என்றுதான் பெயர் வாங்கினார். 1909-ல் ரங்கூனுக்கு மாற்றல். 1910-ல் தகப்பனார் இறந்ததால் விடுமுறை எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். அந்த விடுமுறையிலும் மாநிலக் கல்லூரியில் ஆராய்ச்சி! பிறகு நாகபுரி. அங்கே வீட்டிலேயே ஒரு பகுதியை ஆராய்ச்சிக்கு ஒதுக்கினார். 1911-ல் தபால் தந்தி கணக்கு இலாகாவுக்கு மாற்றலாகி மீண்டும் கல்கத்தா வந்ததும், கழகத்தை ஒட்டியே வீடு பிடித்தார். எந்த நேரமும் போய்வர இடையில் ஒரு கதவும் வைத்துக்கொண்டார்.

வீணை, தம்பூரா, வயலின் இவற்றில் நாதம் பிறக்கும் விதத்தை ஆராய்ந்தார். மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கறுப்புப் பூச்சுதான் அதற்கு இனிய சுருதியைத் தருகிறது என்று பிற்பாடு விளக்கியதும் அவரே. உத்தியோகத்தில் இருந்த 10 ஆண்டுகளில் இருபதுக்கும் அதிகமான ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்.

பெரிய முடிவு

கல்கத்தா சர்வகலாசாலை துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி இதையெல்லாம் கவனித்து வந்தார். தாரகநாத் பாலித் என்ற வக்கீல் கொடுத்த நன்கொடையில் பௌதிகப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்பட்டது. அதற்கு ராமனை அழைத்தார்.

இரண்டு தடைகள். பேராசிரியராக வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்பது ஒன்று. ராமன் மறுத்துவிட்டார். அவருக்காக சர்வகலாசாலை அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. மற்றது சம்பளம். சர்க்கார் வேலையில் வாங்கியதில் ஏறக்குறைய பாதிதான் இங்கே கிடைக்கும். இலாகாவில் மேலும் மேலும் உயரக்கூடிய நிலையில் இருந்தார் ராமன். வீட்டிலே மனைவி. மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு, பாதிச் சம்பளம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ராமன் 1917-ம் ஆண்டு ஜூலையில் சர்க்கார் வேலையை உதறிவிட்டுப் பேராசிரியர் ஆனார்.

இதைத் திடீர்த் துணிச்சல் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. 10 ஆண்டுகள் ஒரு வேலையில் சாப்பாட்டுக்குச் சம்பாதித்து, மற்றொரு வேலையில் தன்னைச் சோதித்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது.

1921-ல் முதல் வெளிநாட்டுப் பயணம். கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரை யோசிக்க வைத்தது. நீர், பனிக்கட்டி, திரவங்கள் இவற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஆராயத் தொடங்கினார். கே.எஸ்.கிருஷ்ணன் உடன் இருந்து உழைத்தார். ஒரே நிற ஒளியைத் திரவத்தில் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது என்று 1928-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந்தேதி கண்டார்கள். அதுதான் ராமன் விளைவு. அதைக் கண்டுபிடித்த இடம், டிராமில் இருந்து பார்த்த அதே பவ்பஜார் கட்டிடம். 1987 முதல் அந்த நாள் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடப்படுகிறது.

கதவைத் திறந்த ஆஷு பாபு என்ன ஆனார்? பல ஆண்டுகள் ராமனுக்கு உதவியாளராக இருந்தார். கல்லூரி வாசலை மிதிக்காத அவர் எழுதிய கட்டுரை ஒன்று, லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் அவர் பெயரிலேயே வந்தது.

ராமன் 1933-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் டைரக்டர் ஆனார். நிர்வாகத்துடன் ஒத்துப்போகவில்லை. முன்கோபக்காரர் என்ற பெயரும் இருந்தது. 1937-ல் டைரக்டர் பதவியை விட்டார். ஆனாலும் பேராசிரியர் வேலையை விடவில்லை. 1948-ல் ஓய்வு பெற்றதும் பெங்களூரிலேயே சொந்தமாக ஆராய்ச்சி நிலையம் அமைத்துக்கொண்டார். வைரங்கள், பூக்களின் நிறம் என்று கடைசி வரை அங்கே ஆராய்ச்சி நடந்தது. 1970-ம் ஆண்டு நவம்பர் 21-ந்தேதி, 82-வது வயதில் காலமானார். அவர் உடல் அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் ஒரு மரம் நட்டிருக்கிறார்கள்.