எண்களால் வானை அளந்தவர்

நுழையும்முன்

உழவர் விதைப்பதற்கு முன்னும் மீனவர் கடலுக்குச் செல்வதற்கு முன்னும் வானிலை அறிக்கையை எதிர்நோக்குகின்றனர். நாளைய வானத்தை இன்றே அறிய அறிவியல் கையாளும் வழிகளுள் முதன்மையானது மாதிரியாக்கம். இயற்கை நிகழ்வொன்றின் இன்றியமையாத கூறுகளைத் தேர்ந்து, அவற்றுக்கிடையிலான தொடர்புகளைச் சமன்பாடுகளாக அமைப்பது மாதிரி. அம்மாதிரியைக் காலத்தில் படிப்படியாக இயக்கிப் பார்ப்பது பாவனையாக்கம். மின்னணுக் கணினி தோன்றுவதற்கு முன்பே, தாளும் எழுதுகோலும் கொண்டு இவ்வழியில் நடந்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில் நகரில் 1881ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் ரிச்சர்ட்சன் பிறந்தார். தோல் பதனிடும் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்த ஏழு குழந்தைகளுள் இவரே இளையவர். இவருடைய பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர்கள். எக்காரணம் கொண்டும் படைக்கலம் ஏந்துதல் அறமாகாது என்பது அப்பிரிவினரின் கொள்கை. அக்கொள்கை ரிச்சர்ட்சனின் வாழ்க்கைப் பாதையைப் பலமுறை திருப்பியது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்று 1903ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர், சதுப்பு நிலக்கரியை எடுக்கும் நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கக் கால்வாய்களை எவ்வாறு வெட்ட வேண்டும் என்பது அங்கு எழுந்த வினா. நீரோட்டத்தைக் குறிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் துல்லியமான தீர்வு காண்பது அரிதாக இருந்தது. எனவே, நிலப்பரப்பைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றால் தோராயமான விடையை அவர் கண்டார். இம்முறையைக் கொண்டே நைல் ஆற்றின் அசுவான் அணையில் தோன்றும் தகைவுகளைக் கணக்கிட்டு, 1910ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

வானம் கட்டங்களானது

1913ஆம் ஆண்டு பிரித்தானிய வானிலைத் துறையில் சேர்ந்த ரிச்சர்ட்சன், ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மூர் ஆய்வகத்திற்குக் கண்காணிப்பாளர் ஆனார். அக்கால வானிலை அறிவிப்பாளர்கள் பழைய வானிலைப் படங்களைப் புரட்டி, இன்றைய வானை ஒத்த ஒரு நாளைத் தேடினர். அன்று நிகழ்ந்ததே இன்றும் நிகழும் எனக் கருதினர். ரிச்சர்ட்சன் இதனை ஏற்கவில்லை. காற்று இயற்பியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டது. ஆதலால் அவ்விதிகளைக் கொண்டே அதன் எதிர்காலத்தைக் கணக்கிட வேண்டும் என்பது அவர் துணிபு.

மூன்று கூறுகள் அதற்குத் தேவைப்பட்டன. முதலாவது, காற்றின் இயக்கம், அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை இணைக்கும் சமன்பாடுகள். இரண்டாவது, கணக்கீடு தொடங்கும் நேரத்தில் வானம் இருந்த நிலையைக் காட்டும் அளவீடுகள். மூன்றாவது, வெளியையும் காலத்தையும் பகுக்கும் முறை. வளிமண்டலத்தை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகவும், உயரத்தில் ஐந்து அடுக்குகளாகவும் அவர் பகுத்தார்.

போர்க்களத்தில் ஒரு கணக்கு

முதல் உலகப்போர் மூண்டது. 1916ஆம் ஆண்டு பதவியைத் துறந்த ரிச்சர்ட்சன், குவேக்கர்களின் மருத்துவ ஊர்திப் பிரிவில் சேர்ந்து பிரான்சுக்குச் சென்றார். குண்டுகள் விழும் களத்திலிருந்து காயமுற்ற வீரர்களை ஊர்தியில் ஏற்றிச் செல்வது அவர் பணி. ஓய்வு கிடைத்தபோது, குளிர் நிறைந்த தங்குமிடத்தில், வைக்கோல் குவியலே மேசையாகக் கணக்கிட்டார்.

1910ஆம் ஆண்டு மே 20ஆம் நாளின் வானிலையை அவர் எடுத்துக்கொண்டார். அன்று ஐரோப்பாவில் பலூன்கள் வழியே திரட்டிய மேல்வான அளவீடுகள் கிடைத்தன. மேலும், நடந்து முடிந்த ஒரு நாளைக் கணக்கிட்டால் விடையை உண்மையோடு ஒப்பிடலாம். எந்த மாதிரிக்கும் இத்தகைய சரிபார்ப்பு இன்றியமையாதது.

விடை அதிர்ச்சியளித்தது. ஆறு மணி நேரத்தில் மியூனிக் அருகே காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் உயரும் எனக் கணக்கு கூறியது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. சமன்பாடுகள் பிழையானவை அல்ல. தொடக்க அளவீடுகளில் காற்றுக்கும் அழுத்தத்திற்கும் இடையே இருந்த சிறு பொருத்தமின்மை, கணக்கில் பெரும் பிழையாக வளர்ந்துவிட்டது.

1917ஆம் ஆண்டு ஷாம்பெயின் போரின்போது கையெழுத்துப் படி தொலைந்தது. சில மாதங்களுக்குப் பின் பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியில் அது கிடைத்தது. 1922ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டபோது, தவறிய கணக்கை ரிச்சர்ட்சன் மறைக்கவில்லை. பின்வருவோர் ஆராயும்படி ஒவ்வொரு படியையும் அட்டவணையிட்டு அச்சேற்றினார். வானிலையை முந்திக் கணக்கிட 64,000 மனிதக் கணிப்பாளர்கள் தேவைப்படுவர் என்றும், உலகப்படம் வரைந்த ஒரு மாபெரும் அரங்கில் அவர்கள் அமர்ந்து பணியாற்றுவதாகவும் அந்நூலில் கற்பனை செய்தார்.

அறிவா அறமா

போருக்குப் பின் வானிலைத் துறைக்குத் திரும்பினார். அத்துறை, விமானப்படையைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழ் வந்தது. 1920ஆம் ஆண்டு ரிச்சர்ட்சன் மீண்டும் பதவி விலகினார். காற்றின் கொந்தளிப்பைப் பற்றிய தம் ஆய்வு, நச்சுவாயு பரவுவதைக் கணிக்க நாடப்படுவதை அறிந்ததும், அதுவரை வெளியிடாத ஆய்வுகளை அழித்தார்.

எனினும் கணக்கை அவர் கைவிடவில்லை. போர் ஏன் மூள்கிறது என்னும் வினாவிற்கு அதனைத் திருப்பினார். ஒரு நாட்டின் படைப்பெருக்கம் எதிரி நாட்டின் படைவலிமையால் தூண்டப்படுகிறது, தன் செலவுச் சுமையால் தணிகிறது, பகையுணர்வால் மிகுகிறது. இம்மூன்றையும் இரு சமன்பாடுகளில் அடக்கினார். தூண்டுதல் தணிப்பை விஞ்சினால் இரு நாடுகளின் படைக்கலப் போட்டி கட்டுக்கடங்காமல் வளரும் என அவை காட்டின. பெய்ஸ்லி தொழில்நுட்பக் கல்லூரியின் முதல்வராக இருந்த அவர், 1940ஆம் ஆண்டு ஓய்வுபெற்று, எஞ்சிய காலத்தை இவ்வாய்வுக்கே அளித்தார். இதன் பயனாகிய இரு நூல்கள் அவர் மறைவுக்குப் பின் 1960ஆம் ஆண்டு வெளிவந்தன.

காலம் அளித்த விடை

1950ஆம் ஆண்டு அமெரிக்காவில் எனியாக் என்னும் மின்னணுக் கணினி, எளிமையாக்கிய சமன்பாடுகளைக் கொண்டு வானிலையைக் கணக்கிட்டது. 24 மணி நேர முன்கணிப்புக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே ஆயிற்று. அச்செய்தி முதுமையில் இருந்த ரிச்சர்ட்சனை எட்டியது. அவர் மகிழ்ந்து பாராட்டினார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் ஸ்காட்லாந்தில் உறக்கத்திலேயே இயற்கை எய்தினார்.

பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய 1910ஆம் ஆண்டுக் கணக்கைக் கணினியில் மீண்டும் செய்தனர். தொடக்க அளவீடுகளைச் சீராக்கிய பின், அதே முறை உண்மைக்கு நெருங்கிய விடையைத் தந்தது. இன்றைய வானிலை மையங்களின் கணினிகளும் வளிமண்டலத்தைப் பகுத்தே கணக்கிடுகின்றன. தவறிய விடையையும் மறைக்காமல் அவர் விட்டுச்சென்ற அட்டவணைகளே பிழையின் வேரைக் கண்டறிய வழிவகுத்தன.