அடங்கி வாழ்ந்த அறிஞர்

மக்கள் வாழ்வில் இளமைக்கு ஒரு கடமை உண்டு. முதுமைக்கும் ஒரு கடமை உண்டு. இளமையில் பொருள் ஈட்டுதலும், புகழ் நாட்டுதலும், பலரோடு கூடித் தொழில் புரிதலும் இயல்பாம். முதுமையில் செய்யத்தக்கது யாது? இல்லற இன்பம் நிறைந்த கடைக்காலத்தில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் இருந்து மேலானதொன்றைப் பயிலுதலே கழிந்த வாழ்வின் பயன் எனத் தொல்காப்பியர் கற்பியலில் கூறுவர். மக்களையும் சுற்றத்தையும் விட்டு நீங்குமாறு அவர் அங்குக் கூறவில்லை. இல்லமே தவம் பயிலும் இடமாகலாம் என்பது அக்கருத்தினால் விளங்கும்.

இவ்வுண்மைக்குச் சான்றாக, தமிழ்க் குடியிற் பிறந்து, கடல் கடந்த நாட்டில் ஒரு தோட்டத்தின் நடுவே அமைதியாக வாழ்ந்து நிறைவெய்தினார் ஓர் அறிஞர். அவரே ஆனந்த குமாரசுவாமி ஆவார்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22ஆம் நாள் இலங்கையில் கொழும்பு நகரில் பிறந்தார். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழ்க் குடியினர். சட்டம் பயின்று இங்கிலாந்தில் வழக்கறிஞராகப் பதிவு பெற்றவர். இலங்கைச் சட்டசபையின் உறுப்பினராய் விளங்கியவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய மருகர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி ஆங்கில நாட்டுப் பெருமாட்டி. குழந்தைக்கு இரண்டாண்டு நிரம்புமுன், 1879ஆம் ஆண்டில் தந்தையார் இறந்தார். தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே ஆனந்தர் வளர்ந்தார்.

அவர் முதலிற் கற்றவை நிலத்தைப் பற்றியும் நிலத்தில் முளைப்பவற்றைப் பற்றியும் கூறும் நூல்களே. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் பயிர்நூலும் பயின்று, 1900ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் இலங்கைக்குச் சென்று, 1903 முதல் 1906 வரை அங்குக் கனிம ஆராய்ச்சித் துறையின் தலைவராகப் பணியாற்றினார். தோரியனைட் என்னும் அரிய கனிமத்தை 1904ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் அவரே.

கல்லையும் மண்ணையும் ஆராயும்பொருட்டு அவர் சிற்றூர்கள்தோறும் சென்றார். ஆங்கே அவருடைய கண்கள் கனிமங்களை மட்டும் காணவில்லை. வழிவழியாகத் தொழில் செய்து வந்த குயவரும், கொல்லரும், தச்சரும், நெசவாளரும் தத்தம் தொழிலைக் கைவிட்டு வறுமையுறுவதையும் கண்டன. ஆலைத் துணி கப்பலில் வந்து இறங்க இறங்க, ஊர்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தறி ஓய்ந்தபோது ஒரு குடும்பத்தின் உணவு மட்டுமன்று, பல தலைமுறையின் அறிவும் அதனோடு மறைந்தது. இந்நிலை அவர் உள்ளத்தை வருத்திற்று. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, பிறர் நடையையும் உடையையும் ஆராயாது பின்பற்றுதல் தகாது என எடுத்துரைத்தார்.

பருத்தியையும் நூலையும் நம்பி வாழும் திருப்பூர்ப் பகுதியினர்க்கு அவ்வருத்தம் எளிதில் விளங்கும். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள அவ்வூர் 1920களில் கதர்த் தொழிலுக்கு நிலைக்களமாய் இருந்தது. பின்னர்ப் பனியன் ஆலைகள் பெருகின. இன்று அவ்வூர்ப் பின்னலாடைகள் பல நாடுகளுக்குச் செல்கின்றன. சுற்றுப்புற ஊர்களில் தறியின் ஓசை மாறிய வரலாற்றை முதியோர் பலர் நன்கறிவர். அந்நிய ஆலைத் துணிக்கு மாற்றாக உள்நாட்டு ஆலைத் துணியை வைத்துவிட்டால் சுதேசியம் நிறைவுறும் எனப் பலர் எண்ணிய காலத்தில், நெய்பவனுடைய கைத்திறனும் மனநிறைவும் காக்கப்படாவிடில் அச்சுதேசியம் குறையுடையது என்று குமாரசுவாமி எழுதினார். நெய்பவனும், வனைபவனும், உழுபவனும் தத்தம் தொழிலில் கலைஞரே என்பது அவர் இறுதிவரை கைவிடாத கொள்கை.

கொள்கையைச் சொல்லால் மட்டும் அவர் காட்டினார் அல்லர். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் இயற்றிய பெருநூல், இங்கிலாந்தில் பிராட் கேம்டன் என்னும் ஊரில் அவர் வாழ்ந்த இல்லத்திலேயே கையச்சுப் பொறியில் அச்சிடப்பெற்றது. 425 படிகளை அச்சிட ஏறத்தாழப் பதினைந்து திங்கள் ஆயின. 1908ஆம் ஆண்டில் அந்நூல் நிறைவுற்றது. அவருடைய ஆராய்ச்சிக்கு அந்நாளில் துணைநின்ற மனைவியார் எத்தெல் அம்மையார், பிற்காலத்தில் இங்கிலாந்தில் கைந்நெசவுக் கலைக்குப் பெரும்பெயர் பெற்றார். ஆயினும் அம்மணவாழ்வு நிலைக்கவில்லை.

பின்னர்க் குமாரசுவாமி இந்திய நாடெங்கும் சுற்றினார். இராசபுத்திர ஓவியங்களையும், சிற்பங்களையும், செப்புத் திருமேனிகளையும் தேடித் தொகுத்தார். 1910–11ஆம் ஆண்டுகளில் அலகாபாத்தில் நடைபெற்ற பொருட்காட்சியில் கலைப்பகுதியின் பொறுப்பை ஏற்றார். தில்லைக் கூத்தனின் திருநடனத்தை விளக்கி அவர் வரைந்த கட்டுரை, 1912ஆம் ஆண்டில் சித்தாந்த தீபிகை என்னும் சைவத் திங்களிதழில் வெளிவந்தது. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய தமிழ் நூல்களின் கருத்துகள் அக்கட்டுரைக்கு அடிப்படையாயின. நடராசர் திருமேனியின் பொருளை மேனாட்டார் உணர்ந்து போற்றுதற்கு அக்கட்டுரை பெரிதும் காரணமாயிற்று.

இத்துணைத் தொண்டு புரிந்தவர்க்கு ஒரு பெரிய ஏமாற்றம் நேர்ந்தது. தேசியக் கலைக்கூடம் ஒன்றைக் காசியில் நிறுவ முன்வந்தால் தம் தொகுப்பு முழுவதையும் நாட்டுக்கே அளிப்பதாக அவர் அறிவித்தார். அதற்கு வேண்டிய பொருளுதவி கிடைத்திலது. முதல் உலகப்போர் மூண்டபோது, ஆங்கிலப் படையில் சேர அவர் உடன்படவில்லை. அடிமைப்பட்ட நாட்டினர் ஆள்வோர்க்காகப் படைக்கலம் ஏந்துதல் முறையன்று எனக் கருதினார். அதனால் இங்கிலாந்திலும் அவர் இருத்தற்கு இயலாதாயிற்று. 1917ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராக அமர்ந்தார். அவர் தொகுத்த ஓவியங்களிற் பலவும் அங்கேயே சென்று சேர்ந்தன.

பிறந்த நாடு ஏற்காத செல்வத்தை அயல்நாடு ஏற்றது. இத்தகைய நிலையில் மனம் கசந்து பழியுரை கூறுவோர் பலர். குமாரசுவாமி ஓவியங்களை வகைப்படுத்தி, பட்டியல் எழுதி, தம் பணியைத் தொடர்ந்தார். 1927ஆம் ஆண்டில் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு என்னும் நூலை வெளியிட்டார். கலை வரலாற்றில் அவருக்கு நிகராவார் அரியர் என உலகம் மதித்தது.

புகழின் உச்சியில் நின்ற அவ்வேளையில், ஏறத்தாழ 1932ஆம் ஆண்டில், அவர் வாழ்வு திசை திரும்பிற்று. சிற்பம் எந்நூற்றாண்டினது, எவ்வரசன் காலத்தது என ஆராய்வதோடு நில்லாது, அச்சிற்பத்தை வடித்தவன் உள்ளத்தில் நின்ற மெய்ப்பொருள் யாது என அவர் ஆராயலானார். வடமொழியும் பாலியும் மட்டுமன்றிக் கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளிலுள்ள மறைநூல்களையும் ஒப்புநோக்கிக் கற்றார். 1933ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தில் அவருடைய பொறுப்பு ஆராய்ச்சிப் பணியாக மாற்றப்பட்டது. அவருடைய புதிய எழுத்துகளைப் பின்பற்றிச் செல்லுதல் பழைய வாசகர் பலர்க்கு அரிதாயிற்று. அதுபற்றி அவர் தம் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்நாளில் அவருடைய இல்லம் பாஸ்டனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் அமைதியான ஊரில் அமைந்தது. 1930ஆம் ஆண்டில் அவர் மணந்த உலூயிசா அம்மையாரும், மகன் இராமரும் உடனிருந்தனர். அருங்காட்சியகப் பணிக்குப் பின் அவர் பெரிதும் விரும்பியவை நூல்களும் தோட்டமும் ஆகும். இளமையில் பயிர்நூல் கற்றவர், முதுமையில் பயிரோடு பழகினார். கற்றறிதல் ஒன்று; நட்டு, நீர் ஊற்றி, களை நீக்கி, காத்திருத்தல் மற்றொன்று. அந்நாடோ பனி மிகுந்தது. பல திங்கள் நிலம் உறைந்து கிடக்கும். மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். வேனில் வருங்காறும் தோட்டக்காரன் பொறுத்திருத்தல் வேண்டும். வேர் மண்ணுள் மறைந்து செய்யும் தொழிலைக் கண் காண்பதில்லை. அத்தொழில் நின்றால் மலரும் இல்லை, கனியும் இல்லை.

அவருடைய கடைக்கால வாழ்வும் வேரின் தொழிலை ஒத்தது. வெளியே ஆரவாரம் குறைந்தது. உள்ளே விளைவு பெருகிற்று. இந்து சமயமும் பௌத்தமும் பற்றிய நூல் 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. காலமும் காலங்கடந்த பொருளும் பற்றிய நூல் அவர் மறைந்த 1947ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவற்றின் இடையே எண்ணிறந்த கட்டுரைகள் எழுந்தன. தனிமையை விரும்பினும் அவர் மனிதரை வெறுத்தாரல்லர். ஐயம் வினவி எழுதுவோர்க்கு விரிவாக விடை எழுதினார். அவ்வாறு எழுதிய கடிதங்களிற் சில தொகுக்கப்பெற்று 1988ஆம் ஆண்டில் தனிநூலாக வெளிவந்தன. கூட்டத்தை விட்டு விலகினாரேயன்றி, அறிவை நாடி வந்தவரை விட்டு அவர் விலகவில்லை.

தம்மைப் பற்றிப் பேச மட்டும் அவர் உடன்பட்டிலர். மலேயாவில் வாழ்ந்த துரைராச சிங்கம் என்னும் தமிழன்பர், அவருடைய வாழ்க்கைச் செய்திகளைத் திரட்டுவதில் ஆர்வங் கொண்டு அவருக்கு எழுதினார். வாழ்க்கைக் குறிப்பில் தமக்கு நாட்டமில்லை எனக் குமாரசுவாமி விடையிறுத்தார். தன் வரலாறு எழுதவும் மறுத்தார். மனிதனைப் படமெழுதிப் போற்றுதல் பழைய இந்திய நெறிக்கு ஏற்றதன்று என்பது அவர் எண்ணம். இது போலிப் பணிவு அன்று. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்தவர் பலர் தம் பெயரைப் பொறித்து வைக்கவில்லை. பெயரை மறந்து பொருளில் ஒன்றிய அக்கைவினைஞரை அவர் வாழ்நாளெல்லாம் போற்றி எழுதினார். பிறரிடம் போற்றிய பண்பைத் தம்மிடமும் கைக்கொண்டார் என்பதே இதனால் நாம் அறியத்தக்கது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரத்தில் அவர்க்கு எழுபது வயது நிறைந்தது. பாஸ்டனில் அன்பர்கள் அவரைப் பாராட்டி விருந்து நடத்தினர். அதன்கண் பேசிய அவர், அடுத்த ஆண்டில் பணியினின்று ஓய்வுபெற்றுத் தாமும் மனைவியாரும் இந்தியாவுக்குச் செல்லக் கருதியிருப்பதை வெளியிட்டார். சுற்றிப் பார்ப்பதற்காக அன்று. அங்கேயே தங்கித் தனிமையில் மெய்ப்பொருளைச் சிந்திப்பதற்காகவே அவர் செல்ல விரும்பினார். தம் வாழ்வில் பெரும்பகுதியை அயல்நாடுகளிற் கழித்த அவர், அச்செலவை வீடு திரும்புதலாகவே கருதினார். இமயத்தின் சூழல் அவர் மனக்கண்முன் நின்றது.

அவ்விருப்பம் நிறைவேறவில்லை. பிறந்தநாள் கழிந்த பதினெட்டாம் நாள், 1947ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், நீடம் ஊரிலேயே அவர் உயிர் நீத்தார்.

இமயம் சேராமை குறித்து இரங்குவோர் இரங்கலாம். எனினும் எண்ணிப் பார்ப்போர்க்கு வேறோர் உண்மை புலனாகும். மலைச்சாரலில் அவர் தேடக் கருதிய அமைதி, பதினைந்து ஆண்டுகளாக அவருடைய நூலறையிலும் தோட்டத்திலும் குடியிருந்தது. ஓய்வுக்குப் பின் தொடங்கலாம் என அவர் அதனைத் தள்ளி வைத்திருப்பாராயின், அவர்க்கு அது கிட்டியிராது. உலகுக்கு அந்நூல்களும் கிட்டியிரா. நாளை செய்வோம் என்று எண்ணாது, இருந்த இடத்திலேயே, இருந்த பணியோடே, அடங்கி வாழத் தொடங்கியமையே அவர் வாழ்வின் சிறப்பு.

இரவும் பகலும் பொறிகள் ஓயாது இயங்கும் தொழில் நகரங்களில் இக்காலத்தில் மக்கள் பெருக வாழ்கின்றனர். திருப்பூர் போன்ற ஊர்களில் அரை நூற்றாண்டு நூலோடும் துணியோடும் உழைத்து ஓய்ந்த முதியோர், வீட்டின் பின்புறத்தில் ஒரு முருங்கையும், வேலியோரத்தில் ஒரு மல்லிகையும் வளர்த்து, பேச்சுக் குறைந்து அமர்ந்திருத்தல் உண்டு. அவர்களைக் காணும் இளையோர், இவர் ஒன்றும் செய்யாதிருக்கின்றனர் என எண்ணுதல் கூடாது. விதை மண்ணுள் இருக்கும்போதும் தொழில் செய்கின்றது. ஆனந்த குமாரசுவாமியைப் போல அனைவரும் அறிஞராதல் அரிது. ஆனால் ஆரவாரத்தைக் குறைத்து, கைக்கெட்டிய மண்ணைப் பேணி, உள்ளத்தை உயர்ந்த பொருளில் நிறுத்தி வாழ்தல் அனைவர்க்கும் இயலும். அவ்வாறு வாழ்வோர்க்கு முதுமை சுமையாகாது. நெடுநாள் பேணி வளர்த்த மரம் தரும் கனியாகும்.