எதிர்ச்சான்றை மறைக்காத அறிஞர்

1864-ஆம் ஆண்டு பிறந்த பிரஜேந்திரநாத் சீல், கல்கத்தாவின் ஜெனரல் அசெம்பிளி கல்லூரியில் பயின்று, 1884-இல் தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவருடன் நெருங்கிப் பழகியவர் நரேந்திரநாதர். பின்னாளைய சுவாமி விவேகானந்தர். மில், ஹியூம் ஆகியோரின் நூல்களைக் கற்று ஐயத்தில் உழன்ற நரேந்திரருக்கு, அனைத்தையும் ஆளும் பேரறிவு என்னும் தத்துவத்தை சீல் எடுத்துரைத்தார்.

அக்காலத்தில் இந்திய தத்துவம் வெறும் ஊகமே என்று கருதியோர் பலர். நவீன அறிவியல் முழுவதும் நம் பழைய நூல்களில் உள்ளது என்று பெருமை பேசியோரும் உண்டு. சீல் இவ்விரு சாராருடனும் சேராமல் மூலநூல்களை ஆராய்ந்தார். பண்டைய இந்துக்களின் அறிவியல் பற்றிய அவரது ஆங்கில நூல் 1915-இல் வெளிவந்தது. மூலநூல்களில் தெளிவான ஆதாரமில்லாத ஒரு வரியைக்கூடத் தாம் எழுதவில்லை என்று அதில் உறுதி கூறினார்.

நம் முன்னோர் வாதிட்ட முறையையும் அந்நூல் விளக்குகிறது. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. ஆனால் நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை இருக்கிறதா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் இல்லையே! புகை எழ ஈர விறகும் வேண்டும். இவ்வாறு மறைந்து நிற்கும் நிபந்தனையை நியாய தத்துவம் 'உபாதி' என்கிறது. பௌத்தர்களோ, காரணம் தோன்றியதும் காரியம் தோன்றுகிறதா, காரணம் மறைந்ததும் காரியம் மறைகிறதா என்று ஐந்து படிகளில் சோதித்தனர். மில் வகுத்த வேறுபாட்டு முறையுடன் சீல் இதனை ஒப்பிட்டார்.

விஞ்ஞானி எதிர்ச்சான்றைச் சோதனைச்சாலையில் உண்டாக்கிப் பார்க்க முடியும். தத்துவவாதி பெரும்பாலும் அதனை அனுபவத்திலேயே தேட வேண்டும். கண்டபின் அதனை மறைக்கலாகாது என்பது இருவருக்கும் பொது.

சீல் தமது வாழ்விலும் அவ்வாறே நடந்தார். தாம் போற்றிய பேரறிவுத் தத்துவம் நரேந்திரரின் தாகத்தைத் தணிக்கவில்லை என்பதையும், ஸ்ரீராமகிருஷ்ணரிடமே அவர் அமைதி கண்டார் என்பதையும் 1907-இல் 'பிரபுத்த பாரத' இதழில் அவரே பதிவு செய்தார். தம் கொள்கைக்குச் சாதகமற்ற சான்று என்பதற்காக அதனை ஒதுக்கிவிடவில்லை.

1921-இல் மைசூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரான சீல், 1938-இல் மறைந்தார். வெற்றிக்காக வாதிடுவது 'ஜல்பம்'; உண்மைக்காக வாதிடுவது 'வாதம்' என்று நியாய சாஸ்திரம் பிரித்துக் கூறுகிறது. சீல் மேற்கொண்டது இரண்டாவது வழி.